ஓக் மரத்தடியில் ஆறு வீச்சு

பிளாஸ்டிக் தட்டைக் கூடைக்கு எறிந்து ஆடும் டிஸ்க் கோல்ஃபில் ஒரு கூடை: பார் 3, அதாவது மூன்று வீச்சில் முடிக்க வேண்டியது, தூரம் சுமார் 90 மீட்டர். அந்தக் கூடையில் எங்கள் நான்கு பேர் கணக்கு: செவிலியராக வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு 2, பெரியவருக்கு 3, எனக்கு 3, தம்பிக்கு 6. 2023 அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை நடந்தது இது. டிஸ்க் கோல்ஃபுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்தப் பத்து நிமிடத்திலேயே பதில் இருக்கிறது. அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

இடம் கலிபோர்னியாவின் ஓக் குரோவ். லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜ் அருகே, ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரிக்குப் பக்கத்தில், இன்று ஹஹமோங்னா என்று பெயர் சொல்லும் பூங்காவுக்குள் இருக்கிறது. உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் திடல் 1975இல் இங்கேதான் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். இன்று உலகமெங்கும் நாம் குறிபார்க்கும் சங்கிலிக் கூடையை உருவாக்கி 1977இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. 1976இல் பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கி அதன் ஒன்றாம் எண் உறுப்பினர் ஆனார். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். இந்த ஆட்டத்தின் மேல் அந்த மனிதர் வைத்திருந்த பற்றை இதைவிடச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் எளிது. டீ என்ற தொடக்க இடத்திலிருந்து டிஸ்கை எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து அடுத்தது, கூடையில் விழும் வரை. குறைந்த வீச்சில் முடித்தவர் வெற்றி. கோல்ஃப் பந்து ஆட்டத்தில் தண்ணீரும் மணலும் செய்யும் வேலையை இங்கே மரங்கள் செய்கின்றன. ஓக் குரோவில் அந்த வேலையைச் செய்வது கலிபோர்னியாக் கடலோர ஓக். ஆலமரம்போல் கிளைகளைப் பக்கவாட்டில் நீட்டும் மரம். சில கிளைகள் தோள் உயரத்துக்குத் தாழ்ந்து வரும். வருடம் முழுவதும் பச்சையாக இருக்கும், ஆனால் அடியில் உதிர்ந்த இலை மெத்தைபோல் கிடக்கும். சின்ன இலை, ஓரமெல்லாம் முள், காய்ந்ததும் குவிந்து கிண்ணம்போல் ஆகிவிடும். இலைகளுக்கு நடுவே ஓக் கொட்டைகள். அன்று நடந்ததில் இந்த இலைக்கும் கொட்டைக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அது எங்கள் வாராந்தர ஆட்டம். பெரிய பரிசு கிடையாது, ஆனாலும் பிடிஜிஏ விதிப்படிதான் ஆடுவோம். நால்வர் கொண்ட குழுவைக் கார்டு என்பார்கள். எங்கள் கார்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். எழுபதைத் தாண்டியவர், இந்த மரங்களை நாற்பது வருடமாகப் பார்த்தவர். அவரைத்தான் பெரியவர் என்கிறேன். அடுத்தவர் அந்தச் செவிலியர் அம்மா. மற்ற இருவர் தமிழர்கள்: நானும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நான்கு மாதமே ஆன ஒரு தம்பியும். தம்பிக்குக் கை நல்ல கை. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து ஸ்டம்புக்கு எறிந்து பழகியவன். 90 மீட்டர் அவனுக்குத் தூரமே இல்லை.

அவன் முதல் வீச்சு, தூர வீச்சுக்கான டிரைவர் என்ற வேகமான டிஸ்க் ஒன்றை எடுத்து பேக்ஹேண்டில் விட்டது. கையிலிருந்து கொஞ்சம் முன்கூட்டியே கழன்று, 30 மீட்டரில் நின்ற ஓக் மரத்தில் பட்டு, இடப்பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளிக் காட்டுக்குள் போய் விழுந்தது. கூடைக்கு இன்னும் 60 மீட்டர் பாக்கி.

டிஸ்க் கிடந்த இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். பெரிய ஓக் ஒன்றின் நிழலில், வேருக்கு ஒரு முழம் தள்ளி, இலைக்குவியலுக்குள் பாதி புதைந்து சாய்ந்து கிடந்தது. கூடையை நோக்கி நின்றால், நான்கு மீட்டர் முன்னால் இரண்டு அடிமரங்கள். நடுவே ஒரு சந்து, ஆள் இரண்டு கையையும் விரித்தால் அடைபடும் அகலம்தான். அதற்கு அப்பால் கூடையின் மஞ்சள் பட்டை தெரிந்தது. வலப்பக்கம் தாழ்ந்த கிளைக்கு அடியில் இடுப்பளவு உயரத்துக்கு வெட்டவெளி, அதன் வழியே ஃபேர்வே, அதாவது டீயிலிருந்து கூடைக்குப் போகும் திறந்த பாதை. பின்பக்கம் விஷ ஓக் புதர், அக்டோபர் என்பதால் இலைகள் சிவந்து நின்றன. பின்னால் கையை வீசி எடுக்கும் பாதையில் கட்டைவிரல் கனத்தில் ஒரு பச்சைக் கிளை குறுக்கே வந்திருந்தது.

இங்கே தம்பி முன்னால் இருந்த வழிகள் என்னென்ன? முதலில் அவனுக்கே தெரிந்த இரண்டு. சந்து வழியே நேராகக் கூடைக்கு விடலாம். அல்லது வலப்பக்கம் தாழ்வாக ஃபோர்ஹேண்டில் ஒரு தட்டு தட்டி, காட்டிலிருந்து வெளியே ஃபேர்வேக்குப் போட்டுவிட்டு, அங்கிருந்து 55 மீட்டரைத் திறந்த வெளியில் ஆடலாம்.

அவனுக்குத் தெரியாதவை இரண்டு விதியில் இருந்தன. ஒன்று, ஓர் அபராத வீச்சை ஏற்றுக்கொண்டு, கூடையிலிருந்து டிஸ்க் வழியாகப் போகும் கற்பனைக் கோட்டிலேயே பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய் எறியலாம். அன்று அந்தக் கோடு நேரே விஷ ஓக்குக்குள் போனது. அதைத் தாண்டி நின்றாலும் அதே இரண்டு அடிமரங்கள் எதிரே நிற்கும். பணம் கொடுத்து அதே சரக்கை வாங்குவதுபோல. இன்னொன்று, அந்த வீச்சைக் கைவிட்டு, அதே ஓர் அபராதத்தோடு டீக்கே திரும்புவது. அப்போது மூன்றாவது வீச்சு டீயிலிருந்து. டிஸ்க் மீட்கவே முடியாத இடத்தில் கிடந்தால் நல்ல வழி, இங்கே தேவையில்லை.

விஷ ஓக்குக்காக அபராதமின்றி நகர முடியாதா என்று அவன் கேட்டான். எல்லாப் புது ஆட்டக்காரர்களும் கேட்பது. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால், தீங்கு செய்யும் பூச்சியோ விலங்கோ இருந்தால் விதி இலவசமாக விலக இடம் தருகிறது. குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று எறிய யாரும் சொல்வதில்லை. மண்ணில் வேர்பிடித்து நிற்கும் செடிக்கு அந்தச் சலுகை கிடையாது, போட்டி நடத்துபவர் முன்கூட்டியே அறிவித்தால் ஒழிய.

ஊரில் காஞ்சொறி பட்டால் அந்த நொடியே தெரியும். விஷ ஓக் அப்படி இல்லை. அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளமும் அரிப்பும் வரும். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகுமே, அதே குடும்பத்துச் செடிதான் இதுவும். முந்திரியும் அந்தக் குடும்பம். எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம், அது டிஸ்கில் ஒட்டிக்கொண்டு பைக்குள் போய் அடுத்த வாரம் கைக்கு வரும். செவிலியர் அம்மா பையிலிருந்து ஈரத்துடைப்பானை எடுத்து நீட்டி, டிஸ்கை எடுத்ததும் துடைக்கச் சொன்னார். கொத்துக் கொத்தாக மூன்று இலை தெரிந்தால் கையை வைக்காதே என்று எப்போதும் சொல்வார்.

விதி தந்த இன்னொரு சின்ன உதவியைத் தம்பி நன்றாகவே பயன்படுத்தினான், அதைச் சொல்லிவிட வேண்டும். விழுந்த டிஸ்கையே அடையாளமாக விட்டுவிட்டு அதன் பின்னால் நின்று எறியலாம். அல்லது உள்ளங்கை அளவுள்ள மினி என்ற குறிதட்டை டிஸ்கின் முன்விளிம்பைத் தொட்டாற்போல் வைத்துவிட்டு டிஸ்கை எடுத்துவிடலாம். எப்படி வைத்தாலும், அடையாளத்தின் பின்விளிம்பிலிருந்து பின்னோக்கி 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு கட்டம்தான் கால் ஊன்றும் இடம். கையிலிருந்து டிஸ்க் விடுபடும்போது ஒரு காலாவது, அல்லது முழங்காலாவது, அந்தக் கட்டத்தைத் தொட்டிருக்க வேண்டும். உடம்பின் எந்தத் தாங்குபுள்ளியும் அடையாளத்தின் பின்விளிம்பைவிடக் கூடைக்கு அருகே இருக்கக் கூடாது. டிஸ்கின் குறுக்களவு சுமார் 21 சென்டிமீட்டர். ஆக, மினி வைப்பதா டிஸ்கையே விடுவதா என்ற முடிவில் கட்டம் ஏறக்குறைய ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ நகரும். திறந்த வெளியில் அது ஒன்றுமில்லை. மரத்தடியில் அந்தச் சாண்தான் முழங்கை அடிமரத்தில் இடிக்குமா இடிக்காதா என்பதைத் தீர்மானிக்கும். டிஸ்கையே விட்டிருந்தால் அவன் கால் விஷ ஓக்கின் ஓரத்துக்குப் போயிருக்கும். மினி வைத்ததால் தப்பித்தான்.

அவன் எழுந்து நின்று சந்தைப் பார்த்தான். "அண்ணே, அந்தக் கேப்புல போயிரும்."

எனக்கு உடனே தெரிந்தது, போகாது என்று. சொல்லவில்லை. புதிதாக வந்த பையன், ஆசையாகப் பார்க்கிறான், நாம் ஏன் தடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். டிஸ்க் கோல்ஃபில் ஒருவருக்கொருவர் யோசனை சொல்ல விதியில் தடை இல்லை. பந்து கோல்ஃபில் போட்டியாளருக்கு யோசனை சொன்னால் அபராதம், இங்கே தாராளமாகச் சொல்லலாம். "வெளியே போடு தம்பி" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது சொல்லாமல், அவன் கை வீச வழி வேண்டுமே என்று அந்தப் பச்சைக் கிளையைப் பிடித்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அதே நேரம் பாதையில் குதிரையில் ஒருவர் வந்தார். இந்தப் பூங்கா நமக்கு மட்டும் உரியதல்ல. நடப்பவர்கள், நாய் கூட்டி வருபவர்கள், குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் பொது. ஆள் பாதையைக் கடந்து முழுதாகப் போகும் வரை எறியக் கூடாது, குதிரை என்றால் இன்னும் கவனம், மிரண்டால் மேலே இருப்பவருக்கு ஆபத்து. நாங்கள் நின்றோம். தம்பியின் முகத்தில் பதற்றம் தெரிந்தது. எறிய 30 வினாடிதான் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டான். உண்மையில் அந்த 30 வினாடி, அவன் டிஸ்கிடம் போய்ச் சேர்ந்து இடத்தைப் பார்க்க நியாயமான நேரம் முடிந்து, எதிரே ஆளில்லாமல் தொந்தரவின்றி இருக்கும்போதுதான் தொடங்கும். அப்படியே தாண்டினாலும் முதல் தடவை எச்சரிக்கைதான். பெரியவர் "நிதானமாக எடு, அவசரமில்லை" என்று சொன்னது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

குதிரை போனதும் பெரியவர் என் பக்கம் திரும்பினார். தாழ்ந்த குரலில், கிளையை விட்டுவிடச் சொன்னார். நான் புரியாமல் நின்றேன். கை வீச இடம் உண்டாக்குவதற்காகக் கிளையை நகர்த்துவது விதிக்கு ஒவ்வாது, அவன் எறிந்துவிட்டால் பிறகு பேச வேண்டிவரும், இப்போதே விட்டால் பேச ஒன்றுமில்லை என்றார். விட்டேன். கிளை தூசியை உதறிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்து நின்றது.

விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. நிற்கும்போது செடிகொடி மரம் எதுவும் குறைந்த அளவே அசையும்படியான நிலையைத்தான் எடுக்க வேண்டும். நின்ற பிறகு, எறிய வசதிக்காக எதையும் தள்ளக் கூடாது. எறியும் வீச்சில் கை பட்டு இலை அசைந்தால் குற்றமில்லை. ஆனால் முதுகால் சாய்த்துப் பிடிப்பது, ஒரு கொப்பை இன்னொரு கொப்பில் செருகுவது, ஒடிப்பது எல்லாம் தவறு. அதே விதி, காலடியில் கிடக்கும் உதிர்ந்த இலை, சுள்ளி, கல், மரத்தோடு ஒட்டாத கிளை ஆகியவற்றைக் கால் ஊன்றும் இடத்திலிருந்து அகற்ற முழு உரிமை தருகிறது. செய்யக் கூடாததை நான் செய்தேன், செய்யலாம் என்பதை அவன் செய்யவில்லை. அந்த இலைக் கிண்ணங்களையும் கொட்டைகளையும் காலால் ஒதுக்க மூன்று வினாடி போதும்.

கிளை திரும்பிவந்ததும் அவனுக்கு முழு வீச்சு இல்லை. நின்ற இடத்திலிருந்து விட்டால் வேகம் போதாது என்று எண்ணி, ஓரடி பின்வைத்து ஒரு எட்டு எடுத்து எறிந்தான். கொட்டைகளின் மேல் கால் வைத்ததும் வழுக்கியது. டிஸ்க் இடப்பக்க அடிமரத்தில் மொட்டென்று பட்டுத் திரும்பி, அவனுக்குப் பின்னாலேயே இரண்டு மீட்டரில் விழுந்தது. கீழே பார்த்தேன். மினி குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அது இருந்த இடத்தைத் தாண்டி, மண்ணில் ஷூவின் முன்பாதி பதிந்திருந்தது. வழுக்கிய பிறகு வந்த தடம் அல்ல அது. கை விடும்போது கால் அங்கேதான் இருந்தது. நான் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபுட் ஃபால்ட்" என்றார் பெரியவர். உடனே, உரக்க அல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி.

ஒருவர் சொன்னால் மட்டும் அபராதம் ஆகாது. கார்டில் இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். செவிலியர் அம்மா டிஸ்க் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலைப் பார்க்கவில்லை, அதை அப்படியே சொன்னார். மீதி நான்தான். நான் பேசாமல் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாம், நானும் பார்த்தேன்" என்றேன்.

"அண்ணே, ஒரு சாண்கூட இல்லையே."

"சாணோ விரக்கடையோ, மினிக்கு முன்னால போயிருச்சு தம்பி."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வீச்சு, ஓர் அபராதம், ஆக மூன்று. வீச்சு செல்லும், டிஸ்க் விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்தது. பட்டர் என்ற மெதுவான டிஸ்கை எடுத்து, இந்த முறை குனிந்து, தாழ்வாக வலப்பக்கம் போட்டான். நான்கு. அங்கிருந்து கூடைக்கு ஐந்து மீட்டரில் ஓர் அழகான வீச்சு. ஐந்து. சங்கிலி சத்தம். ஆறு.

அந்தச் சந்து அவனை ஏன் இழுத்தது என்று பிறகு காரில் பேசினோம். 2021 ஜூனில் யூட்டா மாநிலம் ஆக்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் காணொளியை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அதைப் பார்க்காத டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர் இருக்க முடியாது. ஃபோர்ட் புவனவெஞ்சுரா திடலில் கடைசிச் சுற்று, கடைசிக் கூடை. ஐந்து முறை உலகச் சாம்பியனான பால் மெக்பெத் ஒரு வீச்சு முன்னிலை. ஜேம்ஸ் கான்ராட் கூடைக்கு 247 அடி, அதாவது 75 மீட்டர் தள்ளி நிற்கிறார். அங்கிருந்து விட்ட டிஸ்க் வளைந்து போய்ச் சங்கிலிக்குள் விழுகிறது. ஆட்டம் சமன், அடுத்து நடந்த பிளேஆஃபின் முதல் கூடையிலேயே கான்ராட் வென்று பட்டம் பெற்றார். ஹோலி ஷாட் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

எனக்கும் அந்த வீச்சைப் பார்க்கும்போது இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆனால் மரத்தடியில் மாட்டிக்கொண்டு மீளும் வீச்சுக்கு அதை இலக்கணமாக எடுத்துக்கொள்வது பெரிய பிழை. கான்ராட் பின்தங்கியிருந்தார், அதற்குப் பிறகு கூடையே இல்லை. பத்திரமாகப் பக்கத்தில் போட்டிருந்தால் பட்டம் கையைவிட்டுப் போவது ஏறக்குறைய உறுதி. நேராகக் கூடைக்கு விடுவதுதான் அன்று கணக்குப்படி சரியான முடிவு. தம்பிக்கு அன்று நடந்துகொண்டிருந்தது ஏழாவது கூடை, இன்னும் பதினொன்று பாக்கி. அதே கான்ராட், அதே மெக்பெத், நான்கு நாள் ஐந்து நாள் ஆட்டத்தில் மரத்தடியிலிருந்து சத்தமில்லாமல் ஃபேர்வேக்குப் போட்ட வீச்சுகளை யாரும் வெட்டி எடுத்துப் பகிர்வதில்லை. அந்த வீச்சுகள்தான் அவர்களைக் கடைசிக் கூடை வரை போட்டியில் வைத்திருந்தன.

தம்பியிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். என் மதிப்பீடுதான், அளவெடுத்த புள்ளிவிவரம் அல்ல. அந்தச் சந்தில் அவன் பத்து முறை விட்டால் இரண்டு முறை போகும். போனால் சராசரியாக மூன்றரையில் முடிப்பான், ஏனென்றால் போன எல்லாமே கூடையடியில் விழாது. போகாத எட்டு முறையும் மரத்தில் பட்டு எங்கே போகும் என்றே தெரியாது, ஐந்தரை என்று வை. மொத்தச் சராசரி 5.1. வெளியே போட்டால் பத்தில் எட்டு முறை நான்கு, இரண்டு முறை ஐந்து. சராசரி 4.2. ஒரே மரத்தடியில் கிட்டத்தட்ட ஒரு வீச்சு வித்தியாசம். ஒரு சுற்றில் மூன்று முறை இப்படி மாட்டாமல் யாரும் ஓக் குரோவை முடிப்பதில்லை. அபராதத்தைக்கூட நான் இதில் சேர்க்கவில்லை.

கணக்கு சொல்லாத ஒன்றும் உண்டு. முதல் வீச்சு மரத்தில் பட்டபோதே ஒரு வீச்சு போய்விட்டது. அதை அங்கேயே திரும்ப வாங்கிவிட வேண்டும் என்ற துடிப்புதான் இரண்டாவதையும் கொண்டுபோகிறது. கண் அகலமான இடத்தைவிட்டு கூடை தெரியும் இடத்துக்கே போகும். நான் இப்போது புதியவர்களிடம் சொல்வது, டிஸ்க் பக்கத்தில் போனதும் கூடைக்கு முதுகைக் காட்டி ஒரு தடவை நில் என்பதுதான். மற்ற மூன்று திசையையும் முதலில் பார். பிறகு திரும்பிக் கூடையைப் பார். ஃபோர்ஹேண்ட், முழங்காலிட்டு எறிதல், ஓட்டமில்லாமல் நின்ற இடத்திலிருந்து பட்டரைத் தாழ்வாகத் தள்ளுதல், இவற்றை வாரத்தில் ஒரு நாள் பழகினால் போதும். பட்டர் மெதுவாகப் போய்ச் சறுக்காமல் படுத்துவிடும். காட்டிலிருந்து வெளியே வரும் வீச்சுக்கு வேகமான டிரைவர் வேண்டவே வேண்டாம், ஃபேர்வேயைத் தாண்டி அடுத்த காட்டுக்குள் ஓடிவிடும்.

நாகரிகம் பற்றியும் சொல்ல வேண்டும். பிடிஜிஏ விதிநூலில் அதற்கென்றே 812 என்ற பகுதி இருக்கிறது. எறிபவர் எறியும்போது பேசாதே, அவர் கண்ணில் படும்படி நடக்காதே, முறை வரும் முன் எறியாதே, அடுத்தவர் பொருளைத் தொடாதே, காணாமல்போன டிஸ்கைத் தேட உதவு என்றெல்லாம் வரும். முதல் மீறலுக்கு எச்சரிக்கை, அடுத்தடுத்ததற்கு ஓர் அபராத வீச்சு. இவையெல்லாம் சொன்னால் யாரும் கேட்டுக்கொள்வார்கள். எவருக்கும் கஷ்டமாக இருப்பது ஒன்றுதான்: நண்பன் கால் தவறினால் வாய் திறந்து சொல்வது.

நம் ஆட்களுக்கு இது இன்னும் கஷ்டம். விருந்துக்கு வந்தவனிடம் குறை சொல்வதுபோல் கூசும். அதனால் நான் அன்று செய்ததுபோல் கிளையைப் பிடித்துவிட்டு, அதை உபகாரம் என்று நினைத்துக்கொள்வோம். இந்த ஆட்டத்தில் தனியாக நடுவர் நின்று பார்ப்பதில்லை. பெரிய போட்டியில்கூட எல்லாக் கார்டின் பின்னாலும் அதிகாரி போவது கிடையாது. மற்ற மூவர்தான் நடுவர். அந்த மூவரும் கண்ணை மூடிக்கொண்டால், அடுத்த கார்டில் அதே மரத்தடியில் முறையாகக் கால் வைத்து 4 எடுத்தவருக்கு நாம் அநியாயம் செய்கிறோம், அவர் முகத்தைப் பார்க்காமலேயே.

பெரியவர் அதைச் செய்த விதத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கிளை விஷயத்தைத் தவறு நடக்கும் முன் சொன்னார், அபராதம் என்ற பேச்சே எழவில்லை. கால் விஷயத்தை நடந்த உடனே சொன்னார், மூன்று கூடை தள்ளி மனதில் வைத்திருந்து எடுக்கவில்லை. இரண்டு முறையும் குரல் உயரவில்லை, விளக்கம் நீளவில்லை. தம்பி ஆறாவது வீச்சைச் சங்கிலியில் போட்டதும், முதலில் போய் அவன் கைமுட்டியில் தட்டியதும் அவர்தான். தான் தோற்கும் நேரத்தில் விதியைக் கிளப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்று அவருக்கு அதில் எந்த லாபமும் இல்லை. தம்பி அவரைவிட எட்டு வீச்சு பின்னால் இருந்தான்.

அதற்கு மூன்று கூடை தள்ளி அவருடைய டிஸ்கே புதருக்குள் போய்விட்டது. தேடத் தொடங்கியதாகச் சொன்ன நொடியிலிருந்து மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு, ஓர் அபராதத்தோடு முந்தைய இடத்திலிருந்து எறிய வேண்டும். அவர் கேட்டால் கார்டில் உள்ள அனைவரும் அந்த மூன்று நிமிடமும் தேட வேண்டும். தம்பியிடம் யாரும் கேட்கவில்லை. அவனாகவே நீளமான குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு புதரின் மறுபக்கம் போனான். இரண்டரை நிமிடம் ஆனபோது அங்கிருந்து கையை உயர்த்தினான். டிஸ்கைத் தொடாமல், அது கிடந்த இடத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றான்.

நவம்பர் கடைசியில் மறுபடியும் அதே கூடை. அதே முதல் மரத்தில் பட்டு, கிட்டத்தட்ட அதே நிழலுக்குள் போனது அவன் டிஸ்க். நான் பின்னால் போனேன், இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு, கிளையிலிருந்து நான்கடி தள்ளி. அவன் மினியை வைத்தான். டிஸ்கை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டான். குந்தி உட்கார்ந்து, மினிக்குப் பின்னால் இருந்த இலைகளை விரல்களால் வழித்து ஒதுக்கினான். கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். மண் தெரிந்தது. எழுந்து கூடைக்கு முதுகைக் காட்டி நின்று சுற்றிலும் பார்த்தான்.

பிறகு வலது முழங்காலைச் சரியாக அந்தச் சுத்தமான மண்ணில் ஊன்றினான்.

"வெளியவே போட்டுருதேன் அண்ணே" என்றான்.